எண்ணைத் தேடி எங்கள் வாசலுக்கு

மோடம் முதன்முதலாகப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரகரத்து, கீச்சிட்டு, தொலைவில் யாரையோ தேடி அழுவது போல. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இணைய இணைப்பு தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் புகார் கேட்பது என் வேலை. நன்றி சொல்ல யாரும் வராத தொழில்.

இணையத்தில் நுழைபவருக்கெல்லாம் ஓர் எண் வேண்டும். உலகின் நம் பகுதிக்கென ஒரு பதிவகம் உண்டு. அது எண்களைக் கட்டுக்கட்டாக நிறுவனங்களுக்கு ஒதுக்கி, எந்தக் கட்டு யாருடையது என்று முகவரியோடு எல்லோரும் பார்க்க வெளியிடும். எங்கள் கட்டுக்கு எதிரே என் தொலைபேசி எண் இருக்கிறது. அடுத்தவர் தப்புக்கு உங்கள் வாசலில் வசவு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம்தான்.

பாத்திரக்கடைக்காரர்

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். அவர் கடையின் வலைத்தளத்தில் யாரோ கேவலமாக எழுதிவிட்டார்கள். மருமகன் அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, பதிவகத்தில் தேடி எங்கள் முகவரியைக் கொடுக்க, பஸ் ஏறி வந்துவிட்டார். எண்தான் எங்களுடையது, எழுதியது எங்கள் சந்தாதாரர் யாரோ, போலீஸ் கேட்டால்தான் பெயர் தரமுடியும் என்றேன். அறைக்குள் எட்டிப் பார்த்தார். நானும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தோம். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த எழுத்து?"

விற்ற பாதி

எண்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது முதலாளி எங்கள் கட்டில் பாதியை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். பதிவகம் உடனே பெயரை மாற்றியது. ஆனால் எந்த எண் எந்த ஊரில் என்று காட்டும் தளங்கள் பழைய விவரத்தை ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்திருந்தன. அவற்றுக்கு அந்த எண்கள் இன்னும் தூத்துக்குடிதான். திருத்தச் சொல்லி அந்தத் தளங்களுக்கு எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "கை மாறியாச்சுல்லாம்மா, இனி அது அவன் பாடு."

பெரியதாழையிலிருந்து

ரோஸ்மேரி மீன் விற்பவள். மகன் சேவியர் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அவனுடைய மின்னஞ்சல் கணக்கு தங்கையின் போனில் திறந்தே இருந்தது. ஒருநாள் அதில் அவன் நுழைந்த தடம் தெரிந்தது: ஓர் எண், பக்கத்தில் தூத்துக்குடி. எண்ணைத் தேடினால் எங்கள் அலுவலகம்.

"இங்கனதான் எங்கேயோ இருக்கான் அக்கா, காட்டுங்க" என்றாள். முகத்தில் அத்தனை வெளிச்சம்.

பதிவகத்தில் பார்த்தேன். நாங்கள் விற்ற பாதியில் இருந்தது அந்த எண். வாங்கிய வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தது; அதை எந்த ஊரில் யார் பயன்படுத்துகிறார் என்பது இல்லை. கடல் தாண்டி எங்கோ இருக்கிறான் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அந்தத் தளங்களில் இருக்கும் பழைய ஊர்ப் பெயரையாவது திருத்தச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ரோஸ்மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திராதீங்க அக்கா. அது ஒண்ணுலதான் எம்மவன் ஊர்ல இருக்கான்."

எந்த எண் யாருடையது என்று பதிவகம் உலகத்துக்கே சொல்லிவிடுகிறது. ரோஸ்மேரி இப்போது எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறாள், சேவியர் வரவில்லை.