மூடப்பட்ட புகார்

'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரைக்கும் அந்தக் குரலால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அது 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்குத்தான் அவருக்குள் ஏதோ புகைய ஆரம்பித்தது.

எல்லாம் ஒரு வாஷிங் மெஷினால் வந்தது. அவர் மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அங்கே பிள்ளைகள் படுக்கும் சின்னச் சின்ன விரிப்புகளையும் துண்டுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்துக் கொடுப்பதையும் அவளே ஏற்றுக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. பார்த்துப் பார்த்து, ஊரில் பாதிப் பேர் வாங்கும் அந்தப் பெரிய ஆன்லைன் கடையில் ஒரு மெஷினுக்கு ஆர்டர் போட்டாள்.

வந்த மெஷின் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. துணியைப் போட்டுச் சுற்ற விட்டதும் பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஆடிக்கொண்டே குளியலறைக் கதவு வரைக்கும் நடந்து வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட மனைவி சத்தம் போட்டாள். மெக்கானிக் வந்து கதவை நெம்பி அவளை வெளியே விட்டார், மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"டிரம் கோணல். நான் கை வெச்சா வாரண்டி போயிடும். திருப்பி அனுப்பிடு," என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். தன் பங்கு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

திருப்பி அனுப்புவது அவ்வளவு சுலபமா என்ன? 'நாளைக்கு எடுத்துக்கொள்வோம்' என்று செய்தி வரும். அவள் காப்பகத்தில் விடுப்பு சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். யாரும் வர மாட்டார்கள். சாயங்காலம், 'வந்தோம், வீடு பூட்டியிருந்தது' என்று இன்னொரு செய்தி வரும். கடைசியில் ஒருவர் நிஜமாகவே வந்தார். வந்தவர் மெஷினை விட்டுவிட்டு அட்டைப்பெட்டியைக் கேட்டார்.

"பெட்டியை அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சே. கெட்டுப்போனது மெஷின்தானே?"

"பெட்டி இல்லாம எடுக்க எனக்கு அனுமதி இல்லம்மா," என்று அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

ஆப்பில் உதவி கேட்டால் பதில் சொன்னது மனுஷன் இல்லை. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்றது. எதைக் கேட்டாலும் அதையே சொன்னது. படம் அனுப்பினால் தெளிவாக இல்லை என்றது. தெளிவாக அனுப்பினால், ஆடுவது படத்தில் தெரியவில்லை என்றது. போனில் கூப்பிட்டாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுப்பார். முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்துபோகும்.

அப்படி ஒரு தடவை அறுந்துபோனபோதுதான் அந்தக் குரல் திரும்பக் கூப்பிட்டது. "மேடம், லைன் கட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. உங்க புகாரை இனி நானே பார்த்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் திரும்பச் சொல்ல வேண்டாம்."

சொன்னபடியே அவன் கூப்பிட்டான். பெட்டி இல்லாமல் எடுக்க மேலே பேசியிருப்பதாகச் சொன்னான். இரண்டாம் வாரத்தில் 'அக்கா' வந்துவிட்டது. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விரிப்புகளை மடிப்பாள். "கை இப்ப எப்படி இருக்குக்கா?" என்று குரல் கேட்கும். அவள் காப்பகத்துக் கதைகளைச் சொல்வாள். தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வாண்டு ஒன்று, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் கண்ணை மூடுமாம். குரல் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

அந்த வாண்டைப் பற்றி மெக்கானிக்குக்குத் தெரியாது. மனைவி அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"என்ன பொறுமைங்க அந்தத் தம்பிக்கு! எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்குவான்? குரலே உயரலையே," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது.

"சம்பளம் குடுக்கறாங்க, பொறுமையா இருக்கான்."

"உங்களுக்கும்தான் சம்பளம் குடுக்கறாங்க. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்கன்னு நான் பார்த்திருக்கேனே. வீட்டுல மட்டும் 'ம்', 'சரி', 'பார்க்கலாம்'. உங்ககிட்ட நாலு வார்த்தை வாங்க நானும் லிஃப்டுக்குள்ள மாட்டணும் போல."

அதில் பொய் இல்லை. பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டின் கதவு இடுக்கில் வாயை வைத்து, முகம் தெரியாதவர்களிடம், "பயப்படாதீங்க, மூச்சை நிதானமா விடுங்க, நான் இங்கயேதான் இருக்கேன்," என்று மணிக்கணக்கில் பேசுகிறவர் அவர். வீடு வந்து சேரும்போது வாயில் ஈரம் இருக்காது. ஆனால் அவள் சொன்னதில் அவர் காதில் விழுந்தது 'தம்பி' மட்டும்தான்.

அதன்பிறகு போன் அடித்தாலே அவர் காது விடைத்துக்கொள்ளும். டிவி சத்தத்தைக் குறைப்பார். அவர்கள் சிரித்தால் கூட்டுவார். மேடத்தில் ஆரம்பித்து அக்காவில் வந்து நிற்கிறது, அடுத்தது என்னவோ என்று யோசிப்பார். லிஃப்டின் மேல் சட்டத்தில் நின்று கேபிளுக்கு கிரீஸ் தடவும்போதும் அதே நினைப்பு. இரண்டு வாரமாக ஒன்றும் சாதிக்காதவனுக்கு என்ன பாராட்டு வேண்டியிருக்கிறது? மெஷின் இன்னும் குளியலறையில்தானே கிடக்கிறது?

ஒரு விடுமுறை நாளில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெக்கானிக் எடுத்தார்.

"அக்கா இருக்காங்களா?"

"நான் அவங்க வீட்டுக்காரர். என்ன விஷயம்?"

"நல்ல சேதி சார். பெட்டி இல்லாமலே எடுக்க ஒத்துக்கிட்டாங்க. அக்காகிட்ட நானே சொல்லணும்னு..."

அந்த 'நானே' அவருக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம். மெஷினை நானே சரி பண்ணிட்டேன். நல்லா ஓடுது. புகாரை மூடிடுங்க. இனிமே கூப்பிடாதீங்க."

"நிச்சயமாவா சார்? மூடிட்டா மெஷினை எடுக்கறதுக்குப் போட்ட உத்தரவும் ரத்தாயிடும்."

"நிச்சயமா."

தெருமுனைக் கடையில் புது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம், இவனால் முடியாததை நான் செய்தேன் என்று ஆகும் என்பது அவர் கணக்கு. அன்று முழுக்க மனசு இறகாக இருந்தது. சாயங்காலம் மனைவிக்குச் செய்தி வந்தது: 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். எடுத்தது வேறு யாரோ. புகார் முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் தரப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டுத் தள்ளு. எல்லாம் ஒரே ஆளுங்கதான். அவனும் உன்னை ஏமாத்திட்டான் பாரு," என்றார் மெக்கானிக்.

"அவன் அப்படிச் செய்யமாட்டாங்க. மேலிடத்துல யாரோ மூட வெச்சிருப்பாங்க. பாவம், அவனுக்கு என்ன திட்டு விழுந்துச்சோ."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆளே இல்லாமல் போன பிறகும் அவனுக்குத்தான் பாவம்! பொறாமை இரட்டிப்பானது. ஆனால் அவள் குளியலறைக்குப் போய், ஓடாத மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து விரிப்புகளைக் கசக்க ஆரம்பித்தாள். சோப்பு பட்ட இடத்தில் எரிய, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் பேசியது கொஞ்சம். சிரித்தது இல்லவே இல்லை. புது மெஷின் பேச்சை எடுக்க மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை.

பொறுக்க முடியாமல், அவள் மாடியில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து அவரே ஆன்லைன் கடையின் எண்ணுக்குக் கூப்பிட்டார். இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்றது. பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து, யாரோ எடுத்து, 'மூடப்பட்ட புகார் சார்' என்று வைத்தார்கள். இதைத்தான் இத்தனை நாளும் அவள் செய்துகொண்டிருந்தாள் என்று அப்போது தோன்றியது. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஒரு பெண். களைத்துப்போன குரல்.

"யார் சார் மூடச் சொன்னது?"

"நான்தாம்மா."

"சரியாயிடுச்சுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"சரியாகலம்மா. என் சம்சாரம் கை வெடிச்சுப்போய் துவைக்கிறா. உங்க ஆள் ஒருத்தர் அவகிட்ட நல்லாப் பேசினாரு. எனக்கு... பொறாமை. அதான் மூடச் சொன்னேன்."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அது சிரிப்பை அடக்கிய இருமல். "சார், திரும்பத் திறக்கணும்னா காரணம் போடணும். இங்க இருக்கிற காரணத்துல இது இல்ல. 'மற்றவை'ன்னு போட்டுடறேன்."

"போடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். நீயும் காலையிலேர்ந்து பேசிட்டே இருக்கே போல, தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடி," என்றார் மெக்கானிக். லிஃப்ட் கதவு இடுக்கில் பேசும் அதே குரல் தானாக வந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மனைவி. காயப்போட இடமில்லாமல் திரும்பிய வாளி அவள் இடுப்பில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சோப்புத் தண்ணியில நான் கையைப் பொசுக்கிட்டு இருக்கேன். நீங்க உக்காந்து வயித்தெரிச்சல் பட்டுட்டு இருந்தீங்களா?"

"தப்புதான்."

"அவன் சின்னப் பையங்க! இன்னும் பல்லுக்குக் கம்பி கட்டிட்டு இருக்கான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?" அடக்குவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் வாளியிலிருந்து ஒரு ஈர விரிப்பை எடுத்து அவர் மடியில் எறிந்தாள். "பிழிங்க," என்றாள். அவர் பிழிந்தார். அடுத்ததை எறிந்தாள். அதையும் பிழிந்தார். வாளி காலியாகும்வரை எறிந்துகொண்டே இருந்தாள். "வெந்நீர் குடிக்கணுமாம்! எனக்கு ஒருநாள் சொன்னதுண்டா?" என்று கடைசியில் அவள் முணுமுணுத்தாள். அதில் கோபத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது. அதன் ருசி மெக்கானிக்குக்கு நன்றாகவே பழக்கம்.

மெஷினை ஒருவழியாக இரண்டு பேர் வந்து பழைய போர்வையில் சுற்றித் தூக்கிப்போனார்கள். புதியதைத் தெருமுனைக் கடையில் வாங்கினார்கள். அங்கேயும் தேனும் பாலும் ஓடவில்லை. விலை கூடுதல், மெஷின் அன்றே வந்தது, குழாய் மாட்ட வேண்டிய ஆள் வரவில்லை. நான் மாட்டுகிறேன் என்று மெக்கானிக் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காசு வாங்கினவனே மாட்டட்டும் என்றாள்.

"கடைக்குப் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்," என்று செருப்பை மாட்டினாள்.

"நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

கடைக்காரர் தொப்பையும் கண்ணாடியுமாக இருந்தார். உட்காரச் சொன்னார், அசடு வழிந்தார். அவள் மேஜையில் கை ஊன்றிக் கேள்விகளை அடுக்கியதும், அவள் கண் முன்னாலேயே குழாய் மாட்டும் ஆளுக்குப் போன் போட்டார். முகத்துக்கு நேரே சண்டை போட்டதில் அவளுக்குத் தெம்பு வந்திருந்தது. "நீங்க சொன்னா சரிதாம்மா," என்று கடைக்காரர் ஒருமுறைக்கு மேல் சொன்னபோது மெக்கானிக் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். அவள் முழங்கையால் இடித்து நகர்த்தினாள்.

திரும்பி நடக்கும்போது அவள் தன் போக்கில் காப்பகத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கின் மனசு பாதி இன்னும் கடையிலேயே இருந்தது. சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததும் அவர் கேட்டார்: "தூங்காம அடம்பிடிக்குமே ஒரு குழந்தை. பையனா, பொண்ணா?"

அவள் நின்று அவரைப் பார்த்தாள். "பொண்ணு," என்றாள். பிறகு நடந்துகொண்டே, அன்றைக்கு மத்தியானம் அது செய்த அழும்பை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.