எல்லைக்கோட்டுக்கு வெளியே நூறு சொற்கள்

இத்தாலிய மொழியில் தலைவலிக்கு என்ன சொல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பந்து கோட்டைத் தொட்டதா, தொடாமலே வெளியே போனதா என்று நடுவரோடு அந்த மொழியில் பத்து நிமிடம் சண்டை போடுவேன். இப்படி ஒரு கோணல் படிப்பு எனக்கு வாய்த்ததற்குக் காரணம் என் தங்கை.

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆராய்ச்சிப் படிப்புக்கு இத்தாலி போனாள், அங்கேயே வேலை கிடைத்தது, கூடப் படித்த நம் ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டு பதுவையில் குடியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சர்ச்சில் நவநாளுக்குப் போகிற எவருக்கும் அந்தப் புனிதரின் ஊரான பதுவையைத் தெரியும் என்பதால் எங்கள் பங்குக் கோயிலில் அவளுக்குத் தனி மரியாதை. அவள் உண்டானதும் என்னைக் கூப்பிட்டாள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒருவரைத்தான் விடுவார்களாம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளைதான், ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாலே மயங்கி விழுகிற ரகம். அம்மா இருந்திருந்தால் அம்மா போயிருப்பாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆகவே நான்.

"நீ வாக்கா. ஆனா ஒரு கண்டிஷன். மிட்வைஃப் இத்தாலியன்லதான் பேசுவாங்க. வலி வந்தப்புறம் உனக்கு நான் டிரான்ஸ்லேட் பண்ணிட்டிருக்க முடியாது. நூறு வார்த்தை கத்துக்கிட்டு வா. இல்லன்னா நீ வெளிய பெஞ்சுல உக்காரு" என்றாள்.

என்னிடம் போய் பெஞ்சில் உட்காரச் சொல்லலாமா? சேலையூர் தாண்டி இருக்கும் எங்கள் காலனியில், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பெண்கள் நாங்கள் த்ரோபால் ஆடுகிறோம். எட்டு வருடமாக ஆடுகிறேன், காய்ச்சல் வந்தால் ஒழிய வெளியே உட்கார்ந்ததில்லை. ஆடுகளத்தின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "பிடி, விடு, தூக்கிப் போடு" என்று கத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே ஆடுகிறவளுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதனால் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

முதலில் போனில் ஒரு பாடத்தை இறக்கினேன். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான். பெண் தண்ணீர் குடிக்கிறாள். மூன்று வாரம் அந்தப் பையன் ஆப்பிளைத் தின்றுகொண்டே இருந்தான், எனக்கு ஒரு சொல்லும் தலையில் ஏறவில்லை. வெறுத்துப்போய்ப் போனைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள் இத்தாலிப் பெண்கள் வாலிபால் ஆடுவது கண்ணில் பட்டது, வர்ணனையும் அவர்கள் மொழியிலேயே. த்ரோபால் அங்கே கிடையாது. இது அதன் ஒன்றுவிட்ட சகோதரி. பந்து கீழே விழப்போகும்போது ஒருத்தி என்ன கத்துவாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? "மீயா" என்றால் எனக்கு, "லாஷா" என்றால் விட்டுவிடு, "பியானோ" என்றால் மெதுவாக. ஒரே மாலையில் ஒன்பது சொல் வந்துவிட்டது. பிறகு கால்பந்து. அதன் பிறகு மலைப்பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயம். சைக்கிள்காரன் நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருப்பான், பக்கத்துக் காரிலிருந்து பயிற்சியாளர் "ரெஸ்பீரா, ஸ்பிஞ்ஜி" என்று உயிரை விட்டுக் கத்துவார். மூச்சு விடு, அழுத்து.

எனக்கு வேலை காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில். போக வர மின்சார ரயில்தான் என் பள்ளிக்கூடம். ஒரு நாள் லேடீஸ் பெட்டியில் நின்றபடி பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது என்னை அறியாமல் "ஃபோர்ட்சா" என்று கத்திவிட்டேன். 'ம், விடாதே' என்று அர்த்தம். பெட்டியே திரும்பிப் பார்த்தது. பூக்கூடைக்காரம்மா ஒருவர் கூடையை நகர்த்தினார்.

"இன்னாம்மா, ஒடம்பு சரி இல்லியா? இப்டி குந்து. ஸ்டேசன் வந்தா நான் சொல்றேன்."

தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டு வந்தவள் நான். மறுப்பானேன், உட்கார்ந்துகொண்டேன்.

கற்றதை எங்காவது போட்டுப் பார்க்க வேண்டுமே. எங்கள் அணியின் தலையில் கட்டினேன். த்ரோபாலில் ஒரே பந்தை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் தப்பு, அதனால் யார் பிடிக்கிறோம் என்று குரல் கொடுத்துக்கொண்டே ஆடுவோம். இனி "எனக்கு" இல்லை, "மீயா" என்று அறிவித்தேன். முதல் நாளே, பம்மலிலிருந்து குடிவந்த டெய்லர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. ஆளுக்கொரு மொழியில் கத்தி, இரண்டு பேரும் பாய்ந்து, தலையோடு தலை மோதி உட்கார்ந்துவிட்டோம்.

"நீ நம்ம பாஷைல கத்துனாலே பேஜாரு. இதுல இது வேறயா?" என்றார் அவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அணித்தலைவி கணக்கு டீச்சர். ஒரு நாளைக்கு இரண்டே சொல், அதற்கு மேல் கூடாது என்று எனக்குக் கடிவாளம் போட்டார். ஒரு மாதத்தில் அணி முழுக்க இத்தாலிய மொழியில் கத்தியது. பக்கத்துக் காலனிக்காரர்களோடு ஆடியபோது, நாங்கள் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறோம் என்று நடுவரிடம் புகார் போனது. டீச்சர் ஒரு காகிதத்தில் சொல்லும் பொருளும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தங்கை போனில் பரீட்சை வைப்பாள். நூறையும் நான் ஒப்பித்த அன்று அவள் பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, இதுல ஒண்ணுகூட ஆஸ்பத்திரிக்கு ஆகாது. வலி எங்க, ரத்தம் எங்க? மலையேத்தம்னு ஒண்ணு வச்சிருக்க, கடைசி கிலோமீட்டர்னு ஒண்ணு வச்சிருக்க. நான் புள்ள பெத்துக்கப் போறேனா, சைக்கிள் ஓட்டப் போறேனா?"

"நூறுன்னுதான சொன்ன. எந்த நூறுன்னு சொல்லலியே."

சிரித்துவிட்டாள். பாஸ் போட்டுவிட்டாள். விசா வந்தது, டிக்கெட் வாங்கியாயிற்று. பிரசவ லேகியமும் பூண்டு ஊறுகாயும் பெட்டியில் ஏறின.

நான் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது, மூன்று வாரம் முன்னதாகவே, அவளுக்கு வலி கண்டது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். கம்பத்தில் மாட்டியிருந்த என் பையில் போன் அடித்தது.

"அக்கா, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான்தான் கூட இருக்கேன். நீங்க லைன்லயே இருங்க" என்றார் மாப்பிள்ளை.

வீடியோவில் எனக்குத் தெரிந்தது ஒரு சுவரும் ஒரு கடிகாரமும் மட்டுமே. அவர் முகத்தையும் போனையும் சேர்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளக் காட்டுங்க தம்பி."

"என்னால திரும்ப முடியலக்கா."

நான் போய் உட்கார்ந்த இடம் அந்த பெஞ்சு. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா இடத்தில் நிற்க வேண்டியவள் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுகை முட்டியது. தங்கை முனகுவது கேட்டது. அதன் மேல் ஒரு பெண்ணின் கண்டிப்பான குரல். ரெஸ்பீரா. பியானோ, பியானோ. கொஞ்சம் பொறுத்து, ஸ்பிஞ்ஜி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னால முடியலக்கா" என்றாள் தங்கை.

தமிழில் வாயைத் திறந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அது அவளுக்குக் கேட்டிருக்கும். அதனால் அந்த நூறில் கைக்கு வந்ததை எடுத்துக் கத்தினேன். "ஃபோர்ட்சா. ஊல்த்திமோ கிலோமெட்ரோ. கடைசி கிலோமீட்டர்டி, விடாத."

அந்தப் பக்கம் மருத்துவச்சி சிரித்தார். "சீ, சீ, ஊல்த்திமோ கிலோமெட்ரோ" என்று ஆமாம் போட்டு அவரும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஸ்பிஞ்ஜி என்றால் நான் ஃபோர்ட்சா என்றேன். ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நின்றிருந்தார்கள். டெய்லர் அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து என்னைவிடச் சத்தமாக ஃபோர்ட்சா போட்டார். என்னோடு பேசாத இரண்டு பேரும்கூடக் கத்தினார்கள். நான் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை.

குழந்தை வீறிட்டது. உடனே சுவர் போய்த் தரை வந்தது, மாப்பிள்ளை போனோடு சரிந்துவிட்டார். யாரோ போனை எடுத்தார்கள். அந்த மருத்துவச்சிதான்; என் வயதுப் பெண், நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து, "ப்ராவா, ட்சீயா" என்றார்.

ப்ராவா எனக்குத் தெரியும், நன்றாக ஆடியவளுக்குச் சொல்வது. மற்றது என் நூறில் இல்லை. எந்த வர்ணனையிலும் அதைக் கேட்டதில்லை.

"என்னடி சொல்றாங்க?"

தங்கையின் குரல் கரகரத்து வந்தது. "உன்னைத்தான்க்கா. பெரியம்மான்னு."

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் விசில் ஊதினார். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள், என் இடம் மட்டும் காலியாக இருந்தது. வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.