கொப்பரை வெறுமனே காய்ந்த நாள்

எனக்கு வாய் அதிகம் என்று பாகூர் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டுமே! அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் கரும்பாலை அந்த வருஷமே மண்ணோடு போயிருக்கும்.

மாமனார் போன பிறகு ஆலை என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் வந்தது. மாடு சுற்றி ஆட்டும் ஆலை. வெல்லம் காய்ச்ச ஒரே கொப்பரை. ஊரார் கரும்பை ஆட்டிக் காய்ச்சிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் கொழுந்தன் புதுச்சேரியில் எண்ணெய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து குதித்தான்.

"அண்ணி, மாட்ட வித்துட்டு எஞ்சின் வாங்கிடலாம். மேலத்தெரு பங்காளி வாங்கப் போறாராம். சும்மா இருந்தா நம்ம பக்கம் ஒரு வண்டி வராது."

"இப்பவே சாறு கொப்பரைக்காகக் காத்துக்கினு கெடக்குது. இன்னும் வேகமா ஆட்டி இன்னா பண்ணப் போற? தலையில ஊத்திக்கவா?"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அது என் பக்கம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பங்காளி எஞ்சின் இறக்கினார். ஊர்க் கரும்பெல்லாம் அங்கே போயிற்று. நாங்கள் ஈ ஓட்டினோம். ஆனாலும் கழுத்துச் சங்கிலியை விற்று இன்னும் இரண்டு அடுப்பு கட்டி, கொப்பரை ஏற்றினேன். கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

அங்கே எஞ்சின் ஆட்டித் தள்ளியது; காய்ச்சக் கொப்பரை ஒன்றுதான். அண்டா அண்டாவாகச் சாறு வெயிலில் நின்று புளித்தது. புளித்த சாற்றில் வெல்லம் இறுகுமா? களி மாதிரி பிசுபிசுத்தது. கரும்புக்காரர்கள் சண்டை போட்டுவிட்டு எங்களிடமே திரும்பினார்கள்.

அப்புறம் எங்கள் மூன்று அடுப்பும் எரிந்தன. மாடுகளுக்கு நுரை தள்ளியது. ஒரு மத்தியானம் சாறு இல்லாமல் கொப்பரை வெறுமனே காய்வதைப் பார்த்தேன். கையில் வரும்படியும் சேர்ந்திருந்தது.

"தம்பி, கெளம்பு! எஞ்சின வாங்கினு வா!"

"அன்னிக்கு வேணான்னியே அண்ணி?"

"அன்னிக்குச் சாறு காத்துக்கினு இருந்துச்சு. இன்னிக்கு நெருப்பு காத்துக்கினு இருக்குது. போப்பா!"

எஞ்சின் ஓடிய முதல் நாள் மூன்று கொப்பரையும் சேர்ந்து பொங்கின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டிகள் ஏரிக்கரை வரைக்கும் நின்றன. அதில் ஒன்று பங்காளியுடையது. என்னிடம் வந்து, தன் கரும்பை முதலில் ஆட்டிக் காய்ச்சித் தரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்: "வரிசையிலயே வாங்க மாமா! பயப்படாதீங்க, இங்க சாறு புளிக்காது."