குருநகரில் இரண்டு தடவை பார்த்த வீடு

மகளின் உயர்தரப் பெறுபேறு வந்தபோதே இந்தப் பயணம் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியை அவள் கொஞ்சத்தில் தவறவிட்டாள். கொழும்பில் தனியார் படிப்பு விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் பள்ளித் தோழி வதனி தொலைபேசியில், "எங்கடை இடத்தையும் ஒருக்கா வந்து பாரன்" என்றாள். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் அவள் மாணவர் நலன் அலுவலர். ஒரு நிபந்தனையும் போட்டாள். "வாறதெண்டால் சனிக்கிழமை காலமை நீ எனக்கு வேணும்."

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கொழும்புக் கோட்டையில் இருந்து காலை 5.45 ரயில், இரண்டாம் வகுப்பு முன்பதிவு 2,400 ரூபா. பன்னிரண்டரைக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டேன். நிலையத்தில் இருந்து பல்கலைக்கழகம் ஒன்பது கிலோமீட்டர், ஓட்டோவுக்கு ஆயிரம் ரூபா. பஸ் மலிவு, ஆனால் பை பெரிதென்றால் வேண்டாம். ஓட்டோக்காரர் சிவராசா அண்ணை பண்டத்தரிப்பைச் சேர்ந்தவர், அறுபது வயது இருக்கும்.

"கம்பஸுக்கோ? ஆர் படிக்கப் போறது, நீங்களோ?"

"என்ரை மகள், அண்ணை."

"நீங்கள் போனாலும் சேர்ப்பினம் தங்கச்சி. காசைக் கட்டினால் ஆட்டுக்குட்டியையும் சேர்ப்பினம் எண்டுதான் சனம் கதைக்குது." கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லேல்லை, சனம் சொல்லுது" என்றார். மறுநாள் முழுவதற்கும் அவரையே 4,500 ரூபாவுக்குப் பேசிக்கொண்டேன்.

இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, தகரக் கூரை போட்ட சிற்றுண்டிச்சாலை, சைக்கிள் கொட்டகை. பெரிதாக எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். நான் ஏமாறவில்லை, ஏனென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் இங்கே குழையல். எல்லோரும் வீட்டில் இருந்து கொண்டுவந்த சோற்றையும் கறியையும் ஒரு பெரிய சட்டியில் கொட்டி, ஒருவர் குழைத்து உருட்டிக் கையில் கையில் கொடுப்பார். வெள்ளி சைவம் என்பதால் கடற்கரைப் பிள்ளைகளும் அன்று மீன் கொண்டுவருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே வந்துவிட்டதாம். யார் என்ன கொண்டுவந்தார்கள், யார் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அன்று குழைத்தவள் ஜெனிற்றா. குருநகர்ப் பிள்ளை, முதலாம் வருடம். "கையை நீட்டுங்கோ மிஸ், வடிவாப் பிடியுங்கோ, விழுந்தால் காகம்தான் சாப்பிடும்" என்று எனக்கும் ஒரு உருண்டை வைத்தாள்.

என் மகளை நினைத்து, "இஞ்சை படிப்பு எப்பிடி?" என்று கேட்டேன்.

"படிப்பு நல்லம். நான்தான் நிப்பனோ தெரியாது. ஸ்கொலர்ஷிப் வராட்டி அடுத்த தவணை ரவுணிலை புடவைக்கடையிலை நிப்பன். வாங்கோ மிஸ், கழிவு போட்டுத் தாறன்." சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கை குழைப்பதை நிறுத்தியிருந்தது.

அன்று நல்லூரில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினேன். அறை 4,500, காலையில் இடியப்பமும் சொதியும் அதற்குள்.

சனிக்கிழமை காலையில்தான் நிபந்தனை என்னவென்று புரிந்தது. முழுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தவர்களின் வீடுகளை நேரில் பார்க்க வேண்டும். வதனி கூடவே வருவாள், ஆனால் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைப்பது வெளியார் ஒருவராக இருக்க வேண்டும் என்பது விதி. நிலம், கூரை, தண்ணீர், தளபாடம், மின்சாதனம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, கடைசியில் வீட்டு நிலை "குறைவு" அல்லது "நடுத்தரம்" என்று எழுத வேண்டும். குறைவு என்றால் பணம் கிடைக்கும், நடுத்தரம் என்றால் இல்லை. முடிவெடுக்கும் குழு அன்று மூன்று மணிக்குக் கூடும். எனக்குக் காப்புறுதி நிறுவனத்தில், நட்டஈடு கேட்பவர்களின் வீடுகளைப் பார்வையிடும் இருபது வருட வேலை. வீடு பார்த்து எழுதுவது கைவந்த காரியம் என்று நினைத்தேன்.

முதலில் பண்டத்தரிப்பு. நாங்கள் வருவதாக ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பிய கடிதம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த தாய் எங்களைக் கண்டு பதறி எழும்பினார். "ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே? தலைகூட வாரி இழுக்கேல்லை, முற்றமும் கூட்டேல்லை!" போகும்வரைக்கும் எங்களோடு கோபம். இருந்ததை இருந்தபடி எழுதினேன். குறைவு.

அங்கிருந்து குருநகருக்குப் பதினாறு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பதினொன்றே முக்காலுக்கு ஜெனிற்றாவின் வீடு. பூச்சுப் பூசிய இரண்டு அறை. பெரியப்பா கட்டிக் கொடுத்தது என்றாள். உள்ளே ஆறு பிளாஸ்ரிக் கதிரை, பூப்போட்ட மேசைவிரிப்பு, பெரிய ரீவி, சுழலும் ஃபான். கண்ணாடிக் கிளாஸில் சோடா, தட்டில் கேக். தகப்பன் வெள்ளைச் சேட்டோடு நின்றார், அவர் வேறொருவரின் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கூலிக்குப் போகிறவர். தாய் றெஜினா, "எடுங்கோ மிஸ், எடுங்கோ" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. முதல்நாள் அவ்வளவு வாயடித்த ஜெனிற்றா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

நடுத்தரம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வதனி படிவத்தை வாங்கி உறையில் போட்டாள்.

ஆஸ்பத்திரி வீதிக்கு வந்த பிறகுதான் என் வாசிக்கும் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. சிவராசா அண்ணை ஓட்டோவைத் திருப்பினார். போய் வந்தது எல்லாம் இருபது நிமிடம் இருக்காது.

வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழைந்தால் எதிரே ஒரு பெண் மூன்று கதிரைகளை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். பின்னால் தகப்பனும் இன்னொருவரும் ரீவியை இரண்டு பக்கமும் பிடித்தபடி. கடைசியில் ஜெனிற்றா, ஃபானைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. வயர் மணலில் இழுபட்டது.

கதிரைக்காரிக்கு என்னைக் கண்டதில் மகிழ்ச்சி. "ஆ மிஸ், கண்ணாடியோ? றெஜினா எடுத்து வைச்சிருக்கிறா. உந்த ஃபான் என்ரைதான், சத்தம் போடாமல் சுத்தினதோ?"

"அன்ரி, வாயை மூடிக்கொண்டு போங்கோவன்," என்றாள் ஜெனிற்றா. பிறகு என்னிடம், "வேண்டாம் எண்டு நான் சொன்னனான் மிஸ். அம்மா கேக்கேல்லை."

வாசலில் நின்ற றெஜினாவுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. "ஒளிக்கிறதுக்குச் செய்யேல்லை மிஸ். கம்பஸ் ஆக்கள் வருகினம் எண்டால் நிலத்திலையோ இருத்துறது?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வெறும் நிலமும் சுருட்டிய இரண்டு பாயும் ஒரு குவியல் வலையும் தெரிந்தன.

இருபது வருடமாக, இழந்ததைக் கூட்டிச் சொல்பவர்களையே பார்த்திருக்கிறேன். ஈரச்சுவரைக் காட்டி வீடே போய்விட்டது என்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் எனக்கு. இல்லாததை இருப்பதாகக் காட்டி, அதனாலேயே கிடைக்க வேண்டியதை இழக்கப் போகிற ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

ஓட்டோவில் இருந்த வதனியிடம் ஓடிப்போய்ப் படிவத்தைக் கேட்டேன். "வெட்டித் திருத்தினால் செல்லாது," என்றாள். "வேணுமெண்டால் திரும்பப் பாக்கலாம். ஆனால் முதல் பார்த்தது பிழை எண்டு நீ உன்ரை கையாலை எழுதித் தரோணும். மூண்டு மணிக்கு முதல்."

"எழுதித் தாறன்."

"உனக்கு ஒண்டே முக்காலுக்கு ரயில்."

"போகட்டும்."

மறுத்தது றெஜினாதான். கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். "ஒண்டுமில்லாத வீடு எண்டு எழுதி, அதைக் கம்பஸ் முழுக்க வாசிக்கட்டோ? நாளைக்கு இவளை ஆர் மதிப்பினம்?"

"குழுவிலை மூண்டு பேர்தான் வாசிப்பினம்," என்றாள் வதனி. "நான் பூட்டி வைப்பன்."

"அம்மா," என்றாள் ஜெனிற்றா. ஃபானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். "நேற்று குழையலுக்கு நான் என்ன கொண்டுபோனனான்? வெறுங்கையோடை போய்க் குழைச்சனான். சட்டியைச் சுத்தி நிண்ட எல்லாருக்கும் அது தெரியும். மதிக்காமலோ விட்டவை?"

றெஜினா கதவில் இருந்து விலகி, பாயை விரித்தார். நாங்கள் இருவரும் சப்பாணி கட்டி இருந்தோம். நான் எழுதத் தொடங்கியதும் அடுக்களையில் இருந்து குரல் வந்தது. "கதிரை இல்லை எண்டு எழுதுங்கோ, ரீவி இல்லை எண்டு எழுதுங்கோ. தேத்தண்ணி தராமல் விட்டனாங்கள் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

இஞ்சி போட்ட வெறும் தேநீர், கையில் கொஞ்சம் சீனி. காலையில் குடித்த சோடாவை விட அது எனக்குப் பிடித்தது. இரண்டே முக்காலுக்கு, "என் முதல் பதிவு பிழை" என்று தொடங்கும் ஒரு கடிதத்தோடு படிவத்தைக் கொடுத்தோம். ரயில் போய்விட்டது. விடுதியில் இன்னொரு இரவு தங்கி, ஞாயிறு காலை ரயிலில் திரும்பினேன்.

ஜெனிற்றாவுக்குப் பணம் கிடைத்தது, பண்டத்தரிப்புப் பிள்ளைக்கும். என் மகளும் வரும் தவணை அங்கே சேரலாம் என்று நினைக்கிறாள். பிள்ளைகளோடு பார்க்கப் போகிறவர்களுக்கு: கட்டண விவரத்தை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் கேளுங்கள். விடுதி அறைகள் குறைவு, முன்கூட்டியே பதியுங்கள். நூலகம் ஏழு மணி வரை திறந்திருக்கும், ஆனால் கடைசி பஸ்ஸை விசாரித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போங்கள், கையேடு சொல்லாததை அந்தச் சட்டி சொல்லும்.

என்னைப் போல யாராவது உங்களையும் வீடு பார்க்கக் கூப்பிட்டால், இது வதனியும் நானும் பேசி முடிவெடுத்தது: ஒரு கிழமைக்கு முன் அறிவிக்காதீர்கள், அதற்குள் அயலில் உள்ள கதிரையெல்லாம் வந்துவிடும். அறிவிக்காமலும் போகாதீர்கள். முதல்நாள் பின்னேரம் சொல்லுங்கள். முற்றம் கூட்டவும், தலை இழுக்கவும், தேயிலையும் சீனியும் வாங்கி வைக்கவும் அவர்களுக்கு ஒரு பொழுது வேண்டும்.