கைகாட்டி எதற்குத் தலையாட்டினார்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பீரோவை நகர்த்தியது. அது இருந்த சுவரில் ஈரம் ஏறியிருந்தது. ஒரு முனையை நான் தூக்கினேன், மறுமுனையை என் கணவர். அப்பா எதிரே நின்று கை காட்டினார். ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. வாயே திறக்கவில்லை.

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் அம்மா.

பாதி வழியில் அவர் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். கிரேன் வேலையில் அதற்கு, எல்லாம் அப்படியே நிற்கட்டும் என்று பொருள். நின்றோம்.

"அப்பா, எனக்குக் கை போகுது."

"இரும்மா. ஒண்ணு யோசிச்சுக்கறேன்."

யோசித்தது பீரோவைப் பற்றி அல்ல.

அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை பார்த்தவர். ஓட்டுபவர் மேலே கூண்டில் இருப்பார். அந்தச் சத்தத்தில் குரல் எடுபடாது. கீழே நிற்கும் அப்பாவின் கையைப் பார்த்துத்தான் பாரம் ஏறும், இறங்கும். உடன் வேலை செய்தவர்கள் அவரைக் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்று அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கால் வீட்டில் தரிக்கவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பு, முதலுதவி வகுப்பு, சைக்கிள் ரிப்பேர் வகுப்பு. ஒன்று முடியும் முன்பே அடுத்ததற்குச் செருப்பை மாட்டிவிடுவார்.

"முதலுதவி படிச்ச மகராசன்," என்பாள் அம்மா, "நான் விரலை வெட்டிக்கிட்டப்போ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடினார்."

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் அவள் பெயர் பொடிசு. நானும் கணவரும் அவளோடு சேர்ந்தே சைகைமொழி கற்றோம். அப்பா சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். முதல் நிலை முடிந்தது, பாஸ். உடனே இரண்டாம் நிலையில் பெயர் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் பொடிசிடம் 'போதுமா' என்று கேட்கப் போனார். பழக்கதோஷம், விரல் கிரேனுக்குப் போய்விட்டது. இது என்ன வார்த்தை என்று அவள் என்னைப் பார்த்தாள். பாரத்தை இறக்கச் சொல்கிறார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கடகடவென்று அவரிடம் ஏதோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

"பாதியில விட்டுட்டுப் போறா பாத்தியா. இந்தக் கிழத்துக்கிட்டப் பேசி என்னன்னு," என்றார் அப்பா.

அதற்கடுத்த சனிக்கிழமை, மறுபடி முதல் நிலையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"ஃபெயிலா?" என்றாள் அம்மா.

"பாஸ் ஆனதுதான் பிரச்சனை. படிச்சது தலையில இருக்கு, கைக்கு வரலை."

ஓடும் பஸ்ஸில் தாவி ஏறுகிற மனிதர் அதன்பின் வகுப்பு முடிந்ததும் வந்த பஸ்ஸில் ஏறாமல் போகவிட ஆரம்பித்தார். நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, அன்று கற்றதை ஒவ்வொன்றாகக் கையில் போட்டுப் பார்ப்பார். இதைப் பொடிசிடம் எப்போது சொல்லலாம், எதைக் காட்டிச் சொல்லலாம் என்று யோசிப்பார். அடுத்த பஸ்ஸும் போகும். நான் ஒருநாள் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தேன். கைகள் கோத்திருந்தன. முழங்கால் மட்டும் தையல் மிஷின் போல ஆடிக்கொண்டே இருந்தது.

ஞாயிறுதோறும் இரண்டு மூன்று வார்த்தைதான். ஆனால் அவை நின்றன. தவறிக் கிரேனுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பொடிசு அவரைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கிரேன் சைகையையும் கற்றுக்கொண்டாள். எழுந்து போவதை விட்டாள்.

போன ஞாயிறு, நான் சமையலறையில் இருந்தபோது, அவரிடம் நீளமாக ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். குதித்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் நேரே சமையலறைக்கு வந்தார்.

"எதுக்கோ சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்குப்பா?"

"தெரியலையே."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் தலையாட்டினார்," என்றாள் அம்மா.

நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விடவில்லை.

"நீ கேட்டா அது உன் பேச்சு. அவ கை எப்படிப் போச்சுன்னு ஞாபகம் வெச்சிருக்கேன். சனிக்கிழமை டீச்சர்கிட்ட அப்படியே போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டுக்கறேன்."

பீரோவைப் பாதி வழியில் நிறுத்தியது அதற்காகத்தான். அந்தச் சைகை நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டார். அது புதன்கிழமை. வியாழன் காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுபோயிருந்தது.

அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைக் கழற்றி மாட்டினேன். ஸ்விட்ச் போர்டுகளை எல்லாம் திறந்து திருகுகளை இறுக்கினேன். நான் மின் பொறியாளர். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். சனிக்கிழமை வந்தது. அவர் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் பொடிசிடம் கேட்டேன்.

தாத்தா எதற்குச் சரி என்றார்?

என் வகுப்புக்கு வந்து எல்லோருக்கும் கிரேன் சைகை சொல்லித்தர, என்றாள். அங்கே யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

பரணிலிருந்து அந்த மஞ்சள் ஹெல்மெட்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். வகுப்பில் அவருக்குக் குறித்திருந்த நேரம் திங்கட்கிழமை காலை. தள்ளி வைக்கலாமா என்று பள்ளி டீச்சர் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.