மாடி மாறி வந்த குல்கர்ணி

போன வாரம் பூனாவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் சுனந்தா. குவைத்தில், மங்காஃபில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த குல்கர்ணியின் மனைவி. மகள் பத்தாம் வகுப்பு பாஸாம். கடைசி வரியில், ‘இனிமேல் எங்களைப் பற்றி உங்கள் பத்திரிகைப் பத்தியில் எழுதலாம். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்’ என்றிருந்தது.

மாற்றிவிட்டேன்.

நானும் குல்கர்ணியும் ஒரே ஆபீஸ். அவர் டிராஃப்ட்ஸ்மேன். வயது நாற்பத்தெட்டு. கார் அவருடையது; ஓட்டுவதும் அவர்தான். தினமும் காலையில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு பெல் அடித்தது. குல்கர்ணி. உள்ளே வந்தார், ஷூவைக் கழற்றினார், சோபாவில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, “சும்மாதான் வந்தேன்” என்று கிளம்பிவிட்டார்.

“அவருக்கு இது சொந்த வீடு மாதிரிங்க!” என்று மனைவிக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

அதே வாரம் ஒருநாள் காலை, கார் ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேரே ஓட்டிக்கொண்டு போனார். “என்ன பாய், கம்பெனியை மாத்திட்டீங்களா?” என்று மூன்று பேரும் கிண்டலடித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுனந்தா எங்களைப் படம் பார்க்கக் கூப்பிட்டார். லீவில் போய் வந்த யாரோ கொண்டுவந்த மராட்டிப் பட கேசட். எங்களுக்கு மராட்டி தெரியாதே என்றேன். “நான் சொல்றேன், வாங்க” என்றார். விடவில்லை.

அவர் இந்தியில் சொல்ல, அதை நான் என் மனைவிக்குத் தமிழில் சொல்ல... ஜோக் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த ஸீனில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள்.

குடும்பக் கதை. வேலை, வீடு, குழந்தைகள் என்று நன்றாக இருக்கும் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறக்கிறார். கிழவர் இல்லை... எங்கள் வயதுதான். ஒரு காட்சியில் பக்கத்து வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டே நிற்கிறார்.

சுனந்தா பேச்சை நிறுத்திவிட்டார். நானும் மொழிபெயர்க்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். குல்கர்ணிதான் சத்தமாகச் சிரித்தார். “சினிமாக்காரங்களுக்கு வேற வேலையில்ல!”

படம் முடிந்ததும் சுனந்தா எங்களோடு படிக்கட்டு வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாய்சாப், வாயால சொல்ல வரல. அதான் படத்தைப் போட்டேன். லீவுல பூனா டாக்டர்கிட்ட காட்டினோம். இவருக்கும் இதேதான்னு சொல்லிட்டார். வேற யாருக்கும் தெரியக் கூடாது.”

ஆபீசுக்குத் தெரிந்தால்? வேலை கலாஸ். வேலை போனால் விசாவும் கலாஸ். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை வேறு. நாமெல்லாம் ஊருக்கு எழுதும் கடிதங்களை ‘இங்கு அனைவரும் நலம்’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். நலமாக இல்லாதவனுக்கு இங்கே இடம் ஏது?

“ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னா, எங்ககிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?” என்று கேட்டேன், முட்டாள்தனமாக.

“அவர் ஓட்டற வண்டில நீங்க மூணு பேர் உட்கார்ந்து போறீங்களே!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் வீட்டுச் சோற்றையே பணயம் வைத்து, எங்கள் உயிரைப் பற்றி யோசித்திருக்கிறார் அந்தப் பெண்மணி. நாங்களோ, மாடி மாறி வந்தவரைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஒரு மனிதரிடம் போய், உங்கள் கார் சாவியைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஒரு பொய் தயார் செய்தேன். நானும் கார் வாங்கப்போகிறேன், கை பழக வேண்டும், கொஞ்ச நாள் நான் ஓட்டட்டுமா... வீட்டில் ஒத்திகைகூட நடந்தது. “மூஞ்சியப் பாத்தாலே பொய்னு தெரியுது” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை. குல்கர்ணி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பாய், ஒரு கார் வாங்கலாம்னு...”

முடிக்க விடவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“யெல்லா, கிளம்பலாம், வண்டிய எடு. அந்தப் படத்தை நானும்தானே பார்த்தேன்?”