ஓடுதளத்துக்கு அடியில் எங்கள் கிணறு

வெயிலில் கொதிக்கும் தாரில் ரப்பர் தேய்ந்தால் ஒரு வாசம் வரும்... கருகின எண்ணெய் மாதிரி. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசம் வந்தால் என் காது தானாக ஒரு சத்தத்தைத் தேடும்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் ஏற்றுகிறாள்.

மல்லசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு இருந்தது. சின்னதாக ஒரு ஏர்போர்ட் கட்ட அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு எனக்கு உள்ளேயே வேலை. புல் வெட்ட வேண்டும், வெடி போட்டுப் பறவை விரட்ட வேண்டும்.

காட்டு நடுவில் எங்கள் கிணறு. எண்பது அடி. அய்யன் வெட்டியது. அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் சொல்வோம். கிணற்றைத் தூர்த்தால் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அளவு பார்க்க வந்த காண்ட்ராக்டரை அய்யன் கும்பிட்டுக் கேட்டார்.

"மண்ணடிச்சுத் தூத்துப்போடாதீங்க சாமி. மேல பலகக்கல்லு போட்டு மூடிக்கங்க. உள்ள தண்ணி உசுரோட இருக்கட்டும்."

காண்ட்ராக்டர் சிரித்தார். "சரிங்க பெரியவரே. எனக்கும் மண்ணு மிச்சம்."

அதன் மேல்தான் ஓடுதளம் வந்தது. கிணறு நட்டநடுவில்.

அரசாங்கக் கம்பெனி விமானம் தினமும் ஒன்று, உச்சி வெயிலில் இறங்கும். சக்கரம் அந்த இடத்தைத் தாண்டும்போது 'தொம்' என்று ஒரு சத்தம்... காலிக் குடத்தைத் தட்டினால் வருமே, அது. எனக்கு மட்டும்தான் அது எதன் சத்தம் என்று தெரியும். விமானத்துக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் அய்யனைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயம். சொல்லவில்லை.

சாயங்காலம் ஊடு திரும்பினால் அய்யன் கேட்பார். "இன்னிக்கும் தாங்குச்சா சாமி?"

"தாங்குச்சுங்கய்யா."

சோறு தின்னப் போய்விடுவோம்.

விமானத்தில் ஆறு பேர், ஏழு பேர்தான் வருவார்கள். மேனேஜர் மெட்ராஸ்காரர். ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஏழு பேருக்காக ஒரு பிளேன் பறக்குதுப்பா. எல்லாம் ஜனங்க கட்ற வரிதான். எத்தன நாளைக்குத் தாங்கும்?"

அவர் கம்பெனியைச் சொன்னார். எனக்குக் கிணறுதான் கண்ணில் நின்றது.

நஷ்டம் என்று ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் முகம் செத்துப்போனது. நான் மட்டும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் பாருங்கள்... விமானம்தான் நின்றது. மற்றது எதுவும் நிற்கவில்லை. மூடச் சொல்லி டெல்லியிலிருந்து ஆர்டர் வரவில்லை. ஓட்டச் சொல்லியும் வரவில்லை. அதனால் தினமும் விளக்கு எரியும், ஏசி ஓடும். காலி நாற்காலிகளைத் துடைப்பார்கள். விமானம் வருகிற நேரத்துக்குத் தீயணைப்பு வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரமாக நிற்கும். அங்கே வேலையில் இருந்த பதினோரு பேரும் வெளியே வந்து வெறும் வானத்தைப் பார்ப்போம். அப்புறம் உள்ளே போய்விடுவோம். அப்படியே வருஷக்கணக்கில்...

தீயணைப்பு வண்டி டிரைவர் கிண்டல் பண்ணுவான். "மயிலு ஒண்ணுதானுங்கண்ணா தெனமும் கரெக்ட் டயத்துக்கு எறங்குது. அதுகிட்ட டிக்கெட் கேளுங்க."

அந்தச் சமயத்தில்தான் அய்யன் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்கு வந்த அன்றைக்கு, அதே உச்சி வெயில். வானத்தில் ஒன்றும் இல்லை. ஓடுதளத்தில் நின்ற மயில் திடீரென்று எழும்பிப் பறந்தது.

தொம்.

வெயிலுக்குத் தார் உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்தான். அன்றைக்குக் கிண்டல் இல்லை. "ஏனுங்கண்ணா... ஏதாச்சும் எறங்குச்சுங்களா?"

"ஒண்ணுமில்லடா. போ."

அப்புறம் காலம் ஓடிவிட்டது. அந்தக் கம்பெனியையே அரசாங்கம் விற்றுவிட்டது என்றார்கள். சுவரில் இருந்த அதன் படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். பிறகு ஒருநாள் பேச்சு வந்தது. மானியம் கொடுத்து மறுபடியும் விமானம் விடப்போகிறார்களாம். முன்னைவிடப் பெரியதாம்.

இனி வாய் மூடியிருந்தால் நான் மனுஷன் இல்லை என்று பட்டது. புது மேனேஜரிடம் போய்க் கிணற்றைச் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க பெரியவரே."

"எழுத வராதுங்க."

அவரே எழுதினார். நான் கைநாட்டு வைத்தேன். அய்யனைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டி வந்தது. "எந்த எடமுங்க?" என்றார் ரிக்காரர். நடந்து போய் நின்று காட்டினேன். ஓட்டை போடப் போட நான் பத்தடி தள்ளிப்போய் நின்றேன். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்று பயம். அடிக்க வேண்டும் என்றும் ஒரு ஆசை.

புழுதிதான் வந்தது. எண்பது அடிக்கும் செம்மண் புழுதி.

ரிக்காரர் புழுதியைக் கையில் அள்ளிப் பார்த்தார். "நல்லா இறுக்கித் தூத்திருக்காங்கண்ணா. பலகக்கல்லும் இல்ல, பொந்தும் இல்ல. ஒரு சொட்டு ஈரமில்ல."

அய்யனிடம் சரி என்று சொல்லிவிட்டு, நாங்கள் காட்டைக் காலி பண்ணின பிறகு காண்ட்ராக்டர் மண்ணடித்திருக்கிறார். அரசாங்கத்துக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார். பொய் சொன்னது அய்யனிடம் மட்டும்.

அப்படியானால் அத்தனை வருஷம் நான் கேட்டது என்ன?

ஓட்டையில் சிமெண்ட் ஊற்றினார்கள். இப்போது விமானம் வருகிறது. அன்றைக்கு ஏழு பேர், இன்றைக்கு எழுபது பேர். லாபமா நஷ்டமா, எனக்குத் தெரியாது. மதியமானால் வேலிக்கு வெளியே போய் நிற்பேன். சக்கரம் அந்த இடத்தைத் தாண்டும். ஒரு சத்தமும் இருக்காது.

சில நாள் கேன்சல் ஆகிவிடும். இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறார்களாம், ஒருத்தரும் வருவதில்லை. பழக்க தோஷம், நான் மட்டும் போய் நிற்பேன். உச்சி வெயில், வெறும் வானம்...

தொம்.

சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்வேன்.

"தாங்குச்சுங்கய்யா."